மண்வெட்டி எடுத்து வந்தவன்

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அம்மாவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான் எழுதியிருந்தது எழுபத்திரண்டு பக்கம், நீளநோட்டில், தாளின் இரண்டு புறமும். வாசித்து முடிக்க மூன்று சாயங்காலம் ஆயிற்று. முதல் நாள் அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். இரண்டாம் நாள் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கினாள். மூன்றாம் நாள் கையில் வேலை எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

எழுதியது போர்க்காலத்தில் கழிந்த என் சின்ன வயதைப் பற்றி. வன்னியில் சண்டை முற்றியபோது எனக்கு ஏழு முடிந்து எட்டு நடந்தது. ஊரை விட்டுக் கிளம்பி, ஐந்து இடம் மாறி, போன இடத்திலெல்லாம் குழி வெட்டிப் பதுங்கி, கடைசியில் படகேறி இந்தக் கரைக்கு வந்தோம். படகு மணலில் தட்டுவதோடு என் நோட்டு முடிகிறது. மூடிவிட்டு அம்மாவைப் பார்த்தேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன் என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அம்மா அழவில்லை. "எல்லாம் சரிதான். இதுக்குள்ள பெரியவன் எங்க?" என்று கேட்டாள்.

பெரியவன் என் அண்ணன். என்னைவிட ஏழு வயது மூத்தவன். அவனை நான் மறந்துவிட்டேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். நினைத்துக்கொண்டிருந்தேனா என்று கேட்டால் அதற்கும் இல்லை என்றுதான் வருகிறது. எழுபத்திரண்டு பக்கத்தில் எங்கள் வீட்டு நாய் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரரின் டிராக்டர் இருக்கிறது, பால்மாவு டின் இருக்கிறது. அண்ணன் ஒரு வரியில்கூட இல்லை. அம்மா கேட்கிறவரைக்கும் அது எனக்கே தெரியாது.

நோட்டை மறுபடி முதலிலிருந்து புரட்டினேன், எங்காவது எழுதியிருப்பேன் என்ற நம்பிக்கையில். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

எழுதச் சொன்னவர் காரைக்குடியில் கல்லுக்கட்டிப் பக்கம் அச்சகம் வைத்திருப்பவர். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், அறுபதாம் கல்யாணத்துக்கான மலர் எல்லாம் போடுவார். வருடத்துக்கு இரண்டு மூன்று புத்தகமும் போடுவார். அவர் வீட்டு முகப்புக்கு வர்ணம் அடிக்கப் போனபோதுதான் பழக்கம். அகதி முகாமில் எங்களில் பாதிப் பேருக்கு வர்ணம் அடிப்பதுதான் தொழில். நான் பி.ஏ. முடித்தும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஏணியிலிருந்து இறங்கி, அவர் மேசையில் கிடந்த பிழைதிருத்தும் தாளில் இரண்டு தப்பைக் காட்டினேன். "என்ன தம்பி, படிச்சுருக்கீகளா?" என்றார். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான் என்பதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். சிலோன் என்றதும் நாற்காலியை என் பக்கம் திருப்பிவிட்டார்.

"எழுதுங்க. அழுகாச்சியா வேணாம். நடந்ததை நடந்தபடி எழுதுங்க."

நடந்ததை நடந்தபடிதான் எழுதினேன். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் எப்படி விட்டுப்போனான் என்று நினைத்து நினைத்துப் பார்த்ததில் கடற்கரைதான் ஞாபகத்துக்கு வந்தது. படகுக்காகத் தாழம்புதருக்குள் மூன்று நாள் ஒளிந்திருந்தோம். அந்த மூன்று நாளும் அப்பா என்னிடம் யாரோ ஆள்போல் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார்.

"வீட்டுல எத்தனை பேர்?"

"மூணு பேர்."

"அண்ணன், அக்கா யாரும் உண்டா?"

"இல்ல. நான் ஒரே பிள்ளை."

சரியாகச் சொன்னால் பிஸ்கட்டில் பாதி. தடுமாறினால் காதைத் திருகுவார். அதற்கு நான்கு மாதம் முன்புதான் அண்ணன் குளத்துக்கு மாடு குளிப்பாட்டப் போன இடத்தில் ஆட்கள் வந்து வண்டியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். யார் ஏற்றினார்கள் என்பதை அம்மா இன்றைக்கும் வாயால் சொல்வதில்லை. நானும் இங்கே எழுதவில்லை. சண்டைக்குப் பிள்ளை போன வீடு என்று தெரிந்தால் இந்தக் கரையில் விசாரணை, குடும்பத்தைப் பிரித்துத் தனி முகாம் என்று கடற்கரையில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையோ பொய்யோ, அப்பா நம்பினார். நான் பாடம் சொல்லும்போதெல்லாம் அம்மா கடல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொள்வாள்.

கரை இறங்கிய அன்று பதிவு எழுதிய அதிகாரியிடம் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். "விவரமான பயலா இருக்கான்" என்று என் தலையைத் தடவினார். அதன் பிறகு முகாமில் மாதா மாதம் ஆள் எண்ணிச் சரிபார்க்கும்போது, பள்ளிக்கூடத்தில் சேரும்போது, கல்லூரிப் படிவத்தில், எங்கே கேட்டாலும் உடன்பிறந்தோர் இல்லை. ஆரம்பத்தில் அது அப்பா சொல்லிக்கொடுத்த பதில். எந்த வருடத்தில் அது என் பதிலானது என்று தெரியவில்லை. அப்பா இருந்தவரைக்கும் வீட்டுக்குள்ளும் அண்ணனின் பேச்சு எழுந்ததில்லை. அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது.

மறுநாள் காலையில் அம்மா அவளாகவே தொடங்கினாள்.

"அந்த மண்வெட்டிக் கதை. அதைத் திரும்ப வாசி."

என் நோட்டிலேயே நன்றாக வந்திருப்பதாக நான் நினைத்த இடம் அது. முதல் இடப்பெயர்வில் மண்வெட்டியை மறந்து வீட்டிலேயே விட்டுவிட்டோம். மண்வெட்டி இல்லாமல் பங்கர்க் குழி வெட்ட முடியாது, பங்கர் இல்லாமல் ஒரு பகல்கூட இருக்க முடியாது. மற்றவர்கள் தங்கள் குழியை வெட்டி முடித்துத்தான் இரவல் தருவார்கள். நான் யாரிடமும் சொல்லாமல் வாய்க்கால் வழியாக இரண்டு மைல் திரும்பிப் போகிறேன். கதவு திறந்து கிடக்கிறது. நாய் என்னைக் கண்டும் குரைக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறேன். வழியில் செல் குண்டு விழும் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாய்க்கால் தண்ணீருக்குள் இறங்கிப் படுக்கிறேன். அன்று சாயங்காலத்துக்குள் அப்பா குழி வெட்டி முடிக்கிறார்.

"எட்டு வயசில நீ மண்வெட்டியத் தூக்கிக்கொண்டு ரெண்டு மைல் நடந்து வந்தனியோ?" என்றாள் அம்மா. எங்கள் பேச்சு ஒரு கலவை. மலையகத்திலிருந்து வன்னிக்குப் போனவர்கள், வன்னியிலிருந்து இங்கே வந்தவர்கள். ரேஷன் கடையில் அம்மா இந்த ஊர்க்காரி மாதிரியே பேசுவாள். வீட்டுக்குள் கோபம் வந்தால் வன்னி வந்துவிடும். "அந்த மண்வெட்டி உன்னைவிட உயரம். அதைக் கொண்டுவந்தது பெரியவன்."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்கும்மா."

"இருக்கும். அவன் பங்கருக்குள்ள இருந்து உனக்கு எத்தினை தரம் அந்தக் கதையைச் சொன்னான். நீ பயந்து நடுங்குவாய். நீ தூங்குமட்டும் சொல்லுவான்."

அம்மா விடவில்லை. "பங்கருக்குள்ள ஒரு பொடியன் ஒவ்வொரு நாளும் காற்சட்டையை நனைச்சுக்கொண்டு இருந்தான், எல்லாரும் சிரிச்சாங்கள் எண்டு எழுதி வச்சிருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டு."

"ஆமா."

"அவையளுக்கு ஏதுடா ஆம்பிளைப் பிள்ளை? ரெண்டும் பொம்பிளைப் பிள்ளையள். அது நீதான். பெரியவன் தன்ர இடுப்புச் சாரத்தை அவிழ்த்து உனக்குக் கட்டிவிட்டுட்டு, உன்ர ஈரக் காற்சட்டையப் பிழிஞ்சு காயப்போடுவான்."

சொல்லிவிட்டு அம்மா சிரித்தாள். பழைய சிரிப்பு. அப்படிச் சிரித்து நான் பார்த்துப் பல வருடம் ஆகிறது. எனக்கோ காது சூடாகிவிட்டது. நோட்டில் அந்தப் பொடியனைப் பற்றி இரக்கத்தோடு அரைப்பக்கம் எழுதியிருக்கிறேன். பாவம், அவனுக்கு யாரும் ஆறுதல் சொல்லவில்லை என்றுகூட எழுதியிருக்கிறேன்.

அன்று முழுவதும் வேலையில் மனம் போகவில்லை. பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீட்டைச் சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் சட்டத்துக்குப் பச்சை அடிக்கச் சொன்னால் நான் பாட்டுக்குக் கண்ணாடியிலும் அடித்து வைத்திருக்கிறேன். என் வலது தோளில் அந்த மண்வெட்டிக் காம்பின் பாரம் இருக்கிறது. வாய்க்கால் தண்ணீர் கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது இருக்கிறது. நாய் குரைக்காமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறது. கதை கேட்டவனுக்கு இதெல்லாம் எப்படி இருக்கும்? ஒருவேளை அண்ணனோடு நானும் போயிருப்பேனோ?

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். "போயிருக்கலாம். அண்டைக்கு உங்கள் ரெண்டு பேரையும் காணாமத்தான் நான் தேடித் திரிஞ்சனான். வந்தபிறகு பெரியவனுக்கு அடிச்சது ஞாபகம். உனக்கு அடிச்சனோ தெரியேல்ல."

அதற்கு மேல் கேட்க வேறு ஆள் இல்லை.

அம்மாவுக்கு ஒன்று மட்டும் வேண்டியிருந்தது. அதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள். புத்தகம் வருவதென்றால் அதில் பெரியவன் இருக்க வேண்டும். "அவனுக்கு எண்டு இந்த உலகத்தில ஒரு கடதாசி இல்லை. பிறப்புப் பத்திரம் வீட்டோட எரிஞ்சுது. இங்க எழுதின ஒண்டிலயும் அவன் இல்லை. நீயாவது எழுது."

நான் காரைக்குடிக்குப் போனேன். அச்சகக்காரர் அட்டைப்படம் வரைக்கும் தயார் செய்து வைத்திருந்தார். ஒரு சிறுவன், பின்னால் புகை. அண்ணனைச் சேர்க்க வேண்டும், இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்றேன்.

"அண்ணனா? இத்தனை நாளும் சொல்லவே இல்லையே."

"எனக்கே போன வாரம்தான் சார் தெரிஞ்சுது."

கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "கூடப் பொறந்தவுக இருக்கறது போன வாரந்தான் தெரிஞ்சுச்சா? நல்லா இருக்கீக தம்பி."

விளக்கிச் சொன்னேன். பாதியில் டீ வரவழைத்தார். முழுவதும் கேட்டுவிட்டு, "இங்க பாருங்க. எங்களப் பெத்த அப்பச்சியும் சித்தப்பாவும் சின்னப் பயலுகளா இருக்கப்ப பர்மாவுல குண்டு போட்டு, நடந்தே வந்தவுக. அப்பச்சி சொன்னா அதுல ஒரு யானை வரும். சித்தப்பா சொன்னா யானையே வராது. ரெண்டு பேரும் ஒரே பாதையில ஒண்ணாத்தான் நடந்தாக. நாங்க யாரும் யானை எங்குட்டுப் போச்சுன்னு கேட்டதில்ல" என்றார்.

"யானை வேற சார். இது என் அண்ணன்."

"சரி. அவரைச் சேக்கிறீக. படிக்கிறவுக கடைசியில என்ன கேப்பாக? அந்தப் பையன் என்ன ஆனான்னு கேப்பாக. பதில் வச்சிருக்கீகளா?"

இல்லை. அண்ணனை ஏற்றிக்கொண்டு போன ஒரு மாதத்தில், அவனை மொட்டைத் தலையோடு ஒரு சந்தியில் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். அவ்வளவுதான். செத்தான் என்று எழுத எங்களிடம் ஒன்றும் இல்லை. இருக்கிறான் என்று எழுதவும் ஒன்றும் இல்லை.

"அதான் சொல்றேன். பேசாம மண்வெட்டிய நீங்களே தூக்கிட்டு வந்ததா இருக்கட்டும். புத்தகம் வெளங்கும்." டீ கிளாசை வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "இன்னொண்ணும் இருக்கு. இத்தனை வருசம் ஒரே பிள்ளைன்னு கையெழுத்து வச்சுட்டு, இப்ப அச்சுல ரெண்டுன்னு வந்தா, ஒங்க ஆபீசுல கேக்க மாட்டாகளா? யோசிச்சுக்கிருங்க" என்றார்.

அவர் சொன்னதில் தப்பு இல்லை. முகாமுக்கு வெளியே காரைக்குடியில் தங்கி வேலை பார்க்க அனுமதி கேட்டு நான் கொடுத்த மனு அப்போது தாலுகா அலுவலகத்தில் இருந்தது. திரும்பும் பஸ்ஸில் ஒரு பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். அம்மாவின் தாத்தா காளையார்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். நாங்கள் அகதியாக வந்து சேர்ந்த முகாம் அதிலிருந்து கூப்பிடு தூரம். இந்தக் கேள்விக்கு எப்போதும் திணறுவேன். அன்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எழுதிப் பார்த்தேன். 'நான்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'அண்ணன்' என்று மாற்றினேன். மண்வெட்டி அண்ணனுக்குப் போயிற்று. டிராக்டரிலிருந்து விழுந்த பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தூக்கிவிட்டது அண்ணனுக்குப் போயிற்று. பால்மாவுக்கு வரிசையில் நின்றதும் அண்ணன்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். எனக்கு என்று மிஞ்சியது ஈரக் காற்சட்டையும் படகில் எடுத்த வாந்தியும். என் சிறுவயதைப் பற்றி எழுதப் போய், அதில் நானே ஒரு ஓரத்தில் நனைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது. அதற்காக வெட்கமாகவும் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் புது அடையாள அட்டை கொடுப்பதற்காகக் கணக்கெடுக்க வந்தார்கள். முகாமின் பொது மண்டபத்தில் மேசை போட்டு, குடும்பம் குடும்பமாகக் கூப்பிட்டார்கள். எழுதியது ஒரு இளம்பெண். என் வயதுதான் இருக்கும்.

"வீட்டுக்காரர் தவறிட்டாரா? சரி. பிள்ளைக எத்தனைம்மா?"

"ரெண்டு" என்றாள் அம்மா.

"ஒண்ணுதான் மேடம்" என்றேன் நான்.

நான் யோசித்துச் சொல்லவில்லை. மேசை, படிவம், பேனா, கேள்வி. வாய் தானாகத் திறந்து சொல்லிவிட்டது. எட்டு வயதில் சொன்ன அதே வேகம்.

அந்தப் பெண் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "ஒண்ணா ரெண்டா? ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்டு வரக்கூடாதா?" என்றாள். பின்னால் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் இப்போது திருத்துவேன் என்று காத்திருந்தாள் என்று நினைக்கிறேன். நான் திருத்தவில்லை. என் மனு ஞாபகம் வந்ததா, அப்பா காதைத் திருகியது ஞாபகம் வந்ததா, வேறு ஏதாவதா, இப்போது எவ்வளவு தோண்டியும் தெரியவில்லை.

"அது படிச்ச பிள்ளை. அது சொல்றதை எழுதிக்கிருங்கம்மா" என்றாள் அம்மா. இந்த ஊர்ப் பேச்சில், பதமாக. கைநாட்டு வைத்துவிட்டு விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் அவள் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். "சோறு வடிக்கணும்" என்றாள். ஆனால் நகரவில்லை.

நான் திரும்ப உள்ளே போனேன். வரிசையைத் தாண்டிப் போனதற்கு நாலு பேர் ஏசினார்கள். "மேடம், எங்க படிவத்துல ஒண்ணு திருத்தணும். எனக்கு ஒரு அண்ணன்" என்றேன்.

அவள் அடுக்கி வைத்த தாள்களைப் பார்த்தாள். "நம்பர் போட்டாச்சே. இனி நான் கை வைக்கக்கூடாது. தனியா ஒரு மனு எழுதிக் குடுங்க, சேத்து அனுப்புறேன். பேரு, வயசு, பொறந்த இடம், இத்தனை நாளா ஏன் சொல்லல, இப்ப எங்க இருக்காக, எல்லாம் தெளிவாப் போடுங்க." ஒரு வெள்ளைத்தாளும் கொடுத்தாள்.

வேப்பமரத்தடியில் மடித்த காலின் மேல் தாளை வைத்து எழுதினேன். அம்மா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெயரை எழுதியதும், "இதுதான் அவன் பேரோ?" என்று விரலால் தொட்டுப் பார்த்தாள். ஆமாம் என்றேன். வயது கணக்குப் பார்த்துப் போட்டோம். பிறந்த இடம் போட்டோம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு மூன்று வரி எழுதி, அடித்து, ஒரு வரியில் பயத்தினால் என்று எழுதினேன்.

"இப்ப எங்க இருக்கிறார் என்று கேட்டிருக்காங்கம்மா. என்ன போட?"

அம்மா மண்டபத்து வாசலைப் பார்த்தாள். வரிசை கொஞ்சம் குறைந்திருந்தது.

"தெரியாது எண்டு போட்டால் வாங்குவினமோ?"

எனக்கும் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு, கேட்டு வருவதற்காகத் தாளோடு போய் வரிசையின் கடைசியில் நின்றேன்.